ராத்திரியில் மட்டும் சாகும் குஞ்சுகள்

கேள்வி: நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம். வீட்டை ஒட்டி 12-க்கு 20 அடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில் சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறோம். சித்திரையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை இறக்கினோம், பெரிய சேதமில்லை. இப்போது மார்கழியில் அதே பொரிப்பகத்தில் ஒரு நாள் வயதுக் குஞ்சு 300 வாங்கினோம். முதல் இரண்டு நாளில் மூன்று செத்தது. மூன்றாம் நாள் ராத்திரியிலிருந்து தினமும் விடிந்து பார்த்தால் 12, 15 என்று செத்துக் கிடக்கிறது. சாயங்காலம் ஓடியாடித் தீவனம் தின்ற குஞ்சுதான், இரைப்பைகூட நிறைந்திருக்கிறது. தூங்குவது மாதிரியே கிடக்கிறது. கரிச்சட்டியைச் சுற்றித்தான் அதிகம், ஒன்றிரண்டு மூலையில். 5-ஆம் நாள் ராத்திரி மட்டும் இரண்டுதான் செத்தது. அன்று கரண்ட் போகவில்லை, சட்டி வைக்கவில்லை. தேங்காய் நார்த்தூள் பரப்பி, குளிருக்காகச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, இரண்டு 100 வாட் குண்டு பல்பு போட்டிருக்கிறோம். கரண்ட் போனால் இரண்டு மண்சட்டியில் அடுப்புக்கரி. மருந்துக் கடையில் கொடுத்த இரண்டு வகைப் பவுடரைத் தண்ணீரில் கலந்து ஐந்து நாளாக வைக்கிறோம், கேட்கவில்லை. 5-ஆம் நாள் போட்ட வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்துதான் காரணம் என்கிறார் மாமனார். ஏதாவது கடிக்கிறதா என்று பார்க்க என் வீட்டுக்காரர் இரண்டு ராத்திரி அங்கேயே படுத்தார். ஒன்றும் வரவில்லை, காலையில் தலைவலி என்றார். இதுவரை 61 போய்விட்டது. என்ன மருந்து கொடுக்கலாம்? பொரிப்பகத்தில் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, குஞ்சுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் வீட்டுக்காரர் இன்று ராத்திரி அந்த அறையில் படுக்கக் கூடாது. கரிச்சட்டி எரியும்போது யாருமே அங்கே படுக்கக் கூடாது. காவல் இருந்த காலையில் அவருக்கு வந்த தலைவலி தூக்கம் கெட்டதால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. உங்கள் குஞ்சுகளைக் கொல்வது எதுவோ, அதுவேதான் அவர் தலையையும் வலிக்க வைத்திருக்கிறது என்று பலமாகச் சந்தேகப்படுகிறேன். தலைவலியோடு கிறுகிறுப்பு, வாந்தி, அசதி என்று ஏதாவது இருந்தால் உடனே ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போய், மூடிய அறையில் கரிச்சட்டியோடு படுத்திருந்ததைச் சொல்லுங்கள்.

எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு லேசில் விடாது. மூச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. துடிப்பு, கத்தல் எதுவும் பெரும்பாலும் இருக்காது. தூக்கத்திலேயே அடங்கிவிடும். ‘தூங்குவது மாதிரியே கிடக்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. பறவைகளின் நுரையீரல் காற்றை மிக வேகமாக உள்வாங்குவதால் நமக்கு முன்னாலேயே அவை விழுந்துவிடும். இதைத் தெரிந்துதான் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளைக் கூண்டில் வைத்துக் கீழே கொண்டுபோனார்கள். கொடைக்கானல், ஊட்டியில் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி நீங்களும் படித்திருப்பீர்கள்.

“கரியை வெளியே நன்றாகக் கனிய வைத்து, புகை போன பிறகுதான் உள்ளே வைத்தோம்” என்று நிறையப் பேர் சொல்வார்கள், நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். புகை போனால் கண் எரியாது, அவ்வளவுதான். செக்கச்செவேலென்று கனிந்த கரியிலிருந்தும் இந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். புகை இருந்தாலாவது நாம் சன்னலைத் திறப்போம். புகையில்லாத கனல் நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

ஏன் நோயை விட்டுவிட்டு நேராகக் கரிச்சட்டிக்குப் போகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. நோய்க்குப் பகல் ராத்திரி கிடையாது. தொற்று நோயில் சாகிற குஞ்சு முந்தின நாளே இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தீவனத்தட்டுக்குப் போகாமல் ஓரமாக நிற்கும். செத்த பிறகு கழுத்தடியில் தொட்டால் இரைப்பை காலியாக இருக்கும். உங்கள் குஞ்சுகள் சாயங்காலம் வயிறாரத் தின்றிருக்கின்றன, விடியும்போது இல்லை. அப்படியானால் இடையில் என்னவோ நடந்திருக்கிறது. பொரிப்பகம் அதே, இனம் அதே, வளர்க்கும் கையும் அதே. சித்திரையிலும் ஆடியிலும் இல்லாமல் மார்கழியில் புதிதாக வந்தவை தார்ப்பாயும் கரிச்சட்டியும்தான். சட்டி வைக்காத ஒரே ராத்திரியில் சாவு இரண்டு.

இந்த இடத்தில் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த 5-ஆம் நாள் ராத்திரி சட்டி மட்டும் இல்லாமல் இருக்கவில்லை, கரண்டும் இருந்தது. அதாவது பல்பும் விடிய விடிய எரிந்திருக்கிறது. ஆகவே மற்ற ராத்திரிகளில் குஞ்சுகளைக் கொன்றது வாயுவாகவும் இருக்கலாம், கரண்ட் போனதும் வந்த குளிராகவும் இருக்கலாம். குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூலையில் குவியும், அடியில் மாட்டியது நசுங்கி மூச்சு முட்டிச் சாகும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நசுங்கிச் செத்த குஞ்சு மூலையிலோ சுவர் ஓரத்திலோ கும்பலாகக் கிடக்கும். உடம்பு தட்டையாக, இறகு நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும், மருத்துவர் திறந்து பார்த்தால் நுரையீரல் கருஞ்சிவப்பாக இருக்கும். வாயுவில் செத்தது உப்பிய இறகோடு, படுத்த வாக்கிலேயே, தனித்தனியாகக் கிடக்கும். அதன் தோலும் சதையும் வழக்கத்தைவிட ரோஸ் நிறமாகவும், நுரையீரலும் ரத்தமும் பளீரென்ற சிவப்பாகவும் இருக்கும். செத்து நேரமான குஞ்சில் இந்த நிறம் வெளிறிக் குழப்பும், விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். சட்டியைச் சுற்றி அதிகம், மூலையில் ஒன்றிரண்டு என்கிறீர்கள். வாயு பெரிய பங்கு, குளிர் சிறிய பங்கு என்பது என் கணிப்பு.

எலி கடித்திருந்தால் கழுத்திலோ தலையிலோ காயம் இருக்கும், எண்ணிக்கையும் குறையும். உங்கள் வீட்டில் அது இல்லை.

மாமனார் சொல்வதையும் தட்டிவிட வேண்டாம், ஆனால் நாள் கணக்கை அவரிடம் காட்டுங்கள். சாவு 3-ஆம் நாள் ராத்திரியே ஆரம்பித்துவிட்டது, சொட்டு மருந்து போட்டது 5-ஆம் நாள். போட்ட அன்று ராத்திரிதான் சாவு குறைவு. தடுப்பு மருந்து மேல் பழி போட்டுவிட்டு, 14-ஆம் நாள் போட வேண்டிய, கம்போரோ என்ற நோய்க்கான தடுப்பு மருந்தைத் தவிர்த்துவிடாதீர்கள். குஞ்சுகள் தேற ஓரிரு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, போட்டுவிடுங்கள். அதைத் தவிர்த்தவர்கள் 3 வாரத்துக்கு மேல், வளர்ந்த குஞ்சாகப் பறிகொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. கரிச்சட்டியை அறைக்குள் வைக்காதீர்கள். கரண்ட் போனால் குஞ்சுகளை அட்டைப் பெட்டிகளில் மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு நிறைய ஓட்டை போட்டு, அடியில் கொஞ்சம் கூளம் பரப்பி, பெட்டிக்குப் பதினைந்து இருபது குஞ்சு, மேலே பாதியை மட்டும் மூடும்படி ஒரு சாக்கு. பொரிப்பகத்திலிருந்து குஞ்சு வரும்போது எந்தப் பல்பும் இல்லாமல் தங்கள் உடம்புச் சூட்டிலேயேதான் வருகின்றன. இரண்டு மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிக்க அது போதும். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, புழுக்கமாக இருந்தால் சாக்கை இன்னும் விலக்குங்கள். கரண்ட் வந்ததும் திரும்ப விட்டுவிடுங்கள். காலையில் எண்ணிப் பாருங்கள். சாவு ஒன்று இரண்டாகக் குறைந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. எந்த மருந்துக் கடையிலும் இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

வளர்த்த அடைக்கோழி வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். சிறுவிடைக் கோழிக்குத் தாய்மை அதிகம். இருட்டின பிறகு பத்துப் பன்னிரண்டு குஞ்சை மெல்ல அடியில் தள்ளிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு வார வயதுக் குஞ்சை எல்லாக் கோழியும் ஏற்காது, கொத்துகிறதா என்று விடிந்ததும் கவனியுங்கள்.

தார்ப்பாயை இனி இப்படிக் கட்டுங்கள்: கீழே தரையோடு மூடி, மேலே கூரையை ஒட்டி ஓர் அடி இரண்டு பக்கமும் திறந்து விடுங்கள். குஞ்சு மேல் நேரடியாகக் காற்று அடிக்காது, ஆனால் கெட்ட காற்று வெளியே போகும். குளிர் என்று நினைத்துச் சன்னலைச் சாக்கு வைத்து அடைக்கிறோம், அந்தக் குஞ்சுகளோ தங்கள் மூச்சு, எச்சத்தின் அம்மோனியா, ஈரம் எல்லாவற்றையும் அதே காற்றில்தான் சுவாசிக்கின்றன. அறைக்குள் போனால் நின்றபடி மோந்து பார்க்காதீர்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண் கரித்தால், மூக்கில் ஏறினால், அந்தக் காற்றைத்தான் குஞ்சு நாள் முழுக்கச் சுவாசிக்கிறது என்று அர்த்தம். கரியின் வாயு இந்தச் சோதனையில் தெரியாது, அதை மறக்க வேண்டாம்.

அடுத்து வெப்பம். இவ்வளவு குஞ்சுக்கு இரண்டு 100 வாட் பல்பு போதவே போதாது. வெயில் காலத்தில் குஞ்சு ஒன்றுக்கு 1 வாட், குளிர் காலத்தில் 2 வாட் என்பது கணக்கு. உங்களிடம் மீதி இருக்கும் 239 குஞ்சுக்கு ஏறக்குறைய 480 வாட் வேண்டும், இருப்பது 200. சித்திரையில் இது தெரியாமல் ஓடிவிட்டது. மூலையில் ஒன்றிரண்டு நசுங்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கரண்ட் இருந்த ராத்திரியில்கூட இரண்டு செத்ததே. குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, தகரத்திலோ அட்டையிலோ ஓர் அடி உயரத்தில், 7 அடி குறுக்களவில் இரண்டு வட்டம் போடுங்கள். வட்டத்தில் மூலை கிடையாது, குவிந்தாலும் வழுக்கி வெளியே வந்துவிடும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பு, கூடவே ஒரு 100 வாட் குண்டு பல்பு. ஒன்று நடு ராத்திரியில் ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். இன்ஃப்ராரெட் பல்பைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சங்கிலியில் தொங்கவிடுங்கள். சணல் கயிற்றில் தொங்கவிட்டு அது அறுந்து நார்த்தூளில் விழுந்தால் அறையே போய்விடும். எல்இடி பல்பு வாங்கிவிடாதீர்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. குண்டு பல்பு கிடைக்கவில்லை என்று எல்இடி மாட்டிவிட்டுக் குஞ்சைக் குளிரில் கொன்றவர்கள் இப்போது கூடிவருகிறார்கள்.

முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைப்பது வழக்கம். உங்களுக்கு இப்போது 90. தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், ஆனால் அதைவிட குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக் கீச்கீச்சென்று கத்தினால் சூடு போதவில்லை. வட்டத்தின் ஓரத்துக்கு ஓடிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்றிருந்தால் குஞ்சு குளிரில் இருக்கிறது. இதை ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்துவிட்டுப் படுத்தால் போதாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து பாருங்கள், குளிர் அப்போதுதான் கடுமையாக இருக்கும்.

மருந்தை நிறுத்திவிடுங்கள். வாயுவுக்கும் குளிருக்கும் ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. அந்தப் பவுடர்களில் சில கசக்கும், குஞ்சு தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். சில சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐந்து நாளாக இரண்டு வகையைச் சேர்த்துக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. பாக்கெட்டில் கொலிஸ்டின் என்று இருக்கிறதா பாருங்கள். உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் அதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று இந்திய அரசு 2019-லேயே தடை செய்துவிட்டது. இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். இரண்டு நாளைக்கு நல்ல தண்ணீரில் எலக்ட்ரோலைட், வைட்டமின் மட்டும் போதும். வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டித் தண்ணீரை வைக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், நான் கடிதத்தைப் பார்த்துப் பேசுகிறேன், குஞ்சைப் பார்த்து அல்ல. அதனால் நாளைக் காலை சாகிறவற்றில் நான்கைந்தை, விடிந்ததும் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விடக் கூடாது. உயிரோடு சோர்ந்திருக்கும் குஞ்சு ஒன்றிரண்டும் சேர்த்து. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் காட்டினால் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு வழி சொல்வார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். வீட்டில் நீங்களே அறுத்துப் பார்க்க வேண்டாம். என்ன பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தால் அவர்கள் சொல்வது புரியும்.

வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு இந்த வயதில் அநேகமாகக் கரைந்து போயிருக்க வேண்டும். பெரிதாக, பச்சையோ பழுப்போ ஆகி, நாற்றத்தோடு இருந்தால் தொப்புள் வழி வந்த தொற்று. நுரையீரலில் கடுகு, கேழ்வரகு அளவில் வெளிர் மஞ்சள் முடிச்சுகள் இருந்தால் பூஞ்சணம். இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் பரப்பியிருப்பது தேங்காய் நார்த்தூள். நன்றாகக் காயாத நார்த்தூளில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். பகலில் சத்தமில்லாமல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும் குஞ்சு இருக்கிறதா? கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றாலோ முடைநாற்றம் வந்தாலோ முழுவதையும் அள்ளிக் கொட்டிவிட்டு, காய்ந்த நெல் உமி போடுங்கள். பூஞ்சணம் நுரையீரலுக்குப் போன குஞ்சைக் காப்பாற்ற நடைமுறையில் மருந்தில்லை, மற்றவற்றைக் காப்பாற்றலாம். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளையாகச் சுண்ணம் படிந்திருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. தண்ணீர் போதாதது, மருந்து மிகுந்தது, முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டது என்று அதற்குப் பல காரணம் உண்டு.

பெட்டிக்கு மாற்றிய பிறகும் சாவு குறையாமல், பகலிலும் செத்து, ஆசனவாயில் வெள்ளை எச்சம் ஒட்டியிருந்தால் என் கணிப்பு தவறு என்று எடுத்துக்கொண்டு, ஆய்வக முடிவு வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். பெரிய கோழிகளிடமிருந்தும் தள்ளி வையுங்கள். ஒரே நாளில் கூட்டமாகச் செத்தாலோ, பெரிய கோழிகளும் சேர்ந்து சாக ஆரம்பித்தாலோ, தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள். ஆய்வுக்குப் போக மீதிச் செத்த குஞ்சுகளை நாய்க்குப் போடாமல், வாய்க்காலில் வீசாமல், கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பொரிப்பகத்தைக் கேட்டீர்கள். பொரிப்பகத்தின் குறை பெரும்பாலும் முதல் மூன்று நான்கு நாளிலேயே தலைகாட்டும்: தொப்புள் மூடாமல் ஈரமாக, வயிறு உப்பி, இரை எடுக்காமல் சாகும். உங்களுக்கு முதல் இரண்டு நாளில் 300-க்கு மூன்றுதான் போயிருக்கிறது, அது நல்ல குஞ்சுக்கு அடையாளம். இப்போதைக்கு அவர்கள் மேல் குறை சொல்ல எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆய்வகம் தொப்புள் தொற்று என்றோ, தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக வரும் சால்மோனெல்லா என்றோ எழுத்தில் கொடுத்தால், அந்தத் தாளையும் குஞ்சு வாங்கிய ரசீதையும் எடுத்துக்கொண்டு தாராளமாகப் போய்க் கேளுங்கள்.